காதில் மாட்டிய பழி

“மத்தியானம் அவரைக் கூட்டிக்கிட்டு உன் கடைக்கு வரேன்க்கா. நீயே பார்த்து அவருக்கு ஒரு நல்ல ஹெட்ஃபோன் எடுத்துக் குடு.”

ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே சின்னவள் சொன்னாள். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த பெரியவளின் விரல் அப்படியே நின்றது.

“என்ன திடீர்னு?”

“ஞாயித்துக்கிழமை அவங்க பாட்டுக் குழுவோட பெரிய நிகழ்ச்சி இருக்குல்ல, அதுக்கு என் பரிசு. பழசுல ஒரு பக்கம் கேக்கறதே இல்லையாம். அந்த மெட்டல் இரைச்சல் பாட்டுக்கு எது சரியா வரும்னு எனக்கு என்ன தெரியும்? உனக்குத்தானே அது அத்துப்படி.”

“வா. நானே மாட்டி விடறேன்.”

சொல்லிவிட்டுப் பெரியவள் சிரித்தாள். அவள் சிரித்தே பல நாள் ஆகியிருந்ததால் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அம்மா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பின்சீட்டில் எந்தப் பிள்ளை அழப்போகிறது, எது அடுத்ததைக் கிள்ளப்போகிறது என்பதைக் கண்ணாடியில் பார்த்தே சொல்லிவிடுவாள்.

“என்னடி பெரியவளே, பல்லக் காட்டுற? மாப்பிள்ளைய உனக்குப் பிடிக்கலியோன்னு நெனச்சு எனக்குச் சோறே இறங்கல.”

“பிடிக்காம என்னம்மா? ரொம்ப நாளாப் பழகினவரு மாதிரியே இருக்காரு.”

அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. வேன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பழகினவர் மாதிரி என்ன, பழகினவனேதான். அது இந்த வீட்டில் பெரியவளுக்கு மட்டுமே தெரியும்.

பெரியவளுக்கு வெளியே ‘இடி’ என்று பெயர். இரண்டு காலாலும் பெடலை மிதித்து அவள் டிரம்ஸ் வாசித்தால் சுவரில் மாட்டிய கடிகாரம் கோணிக்கொள்ளும். வீட்டில் அதற்கு ‘தட்டுறது’ என்று பெயர். எங்கே தட்டுகிறாள், யாரோடு தட்டுகிறாள் என்று ஒருவரும் கேட்டதில்லை. மணிக்கட்டு வீங்கி அவள் சில வாரம் ஓய்வெடுத்துவிட்டுத் திரும்பியபோது, பயிற்சி அறையின் பூட்டு மாறியிருந்தது. அவள் வாசித்த குழுவின் பாடகன், ‘கர்ஜனை’ என்று பெயர் எடுத்தவன், தன் தம்பியை அவள் நாற்காலியில் உட்கார வைத்திருந்தான். பிறகு ஆல்பம் வந்தது. உள்ளே இருந்த டிரம்ஸ் முழுக்க அவள் முன்பே வாசித்துக் கொடுத்தது. அட்டையில் போட்டிருந்த பெயர் தம்பியுடையது.

அவள் வீட்டில், “கை வலி, விட்டுட்டேன்” என்றாள். அதற்கும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

காலம் போனது. மேடையில் தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்தைச் சுளுக்கிக்கொண்ட ஒரு பாடகன், பிசியோதெரபி கூடத்துக்கு வந்தான். நீவிவிட்டது சின்னவள். சுளுக்கு எடுத்த கை அவன் கைக்குள் போனது. போன வாரம் கல்யாணம் பேச வந்தவன் வாசலில் நின்றபோதுதான் பெரியவள் பார்த்தாள்: கர்ஜனை!

அவனும் பார்த்தான். அவள் வாய் திறப்பதற்குள் முந்திக்கொண்டான். “ஒரே ஊர்ல இருந்தும் அக்காவை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையே!” என்று கைகூப்பினான். தங்கையின் முகம் பூத்துக் கிடந்தது. பெரியவளும் கைகூப்பினாள். அன்றிலிருந்து கறுவிக்கொண்டிருந்தாள். எப்படித் தீர்ப்பது என்று தெரியாமல் இருந்தது, இன்று காலை வரை.



கடையின் மாடியில் பாட்டுக் கேட்டுப் பார்க்க ஒரு சின்ன அறை உண்டு. கண்ணாடிக் கதவு, ஒரு சோபா, சுவரெல்லாம் ஹெட்ஃபோன்கள். சாதாரண நாளில் பெரியவளுக்குப் பிடித்த இடம் அது. மெட்டல் கேட்கிறவர்கள் வந்தால் முதலாளி அவளைத்தான் கூப்பிடுவார். “உங்க ஆளுங்க வந்துட்டாங்கம்மா, காது கிழியறதுக்குள்ள வாங்க” என்பார்.

இருவரும் வந்து சோபாவில் உட்கார்ந்ததுமே சின்னவளுக்கு அவள் வேலை செய்யும் இடத்திலிருந்து அழைப்பு. “ரெண்டே நிமிஷம்” என்று வெளியே போனாள். கண்ணாடிக் கதவு மூடியது.

கர்ஜனையின் முகத்திலிருந்த தேன் வடிந்துபோயிற்று.

“எதுக்கு இடி இந்த நாடகம்?”

“நாடகத்த ஆரம்பிச்சது நீ. நான் உன்ன மொதல் தடவையாப் பாக்கறேன். இடின்னு யாரும் இங்க இல்ல.”

“இங்க பாரு. உன் தங்கச்சிய நான் நெஜமாவே விரும்பறேன். யாரோட தங்கச்சின்னு தெரிஞ்சா பழகினேன்? பழசக் கிளறினா அவளுக்குத்தான் வலிக்கும்.”

“பழசா? என் காலு வாசிச்சதுக்கு உன் தம்பி இன்னும் கைதட்டு வாங்கிக்கிட்டு இருக்கான். அது எப்படிப் பழசாகும்?”

“நிரூபிக்க முடியுமா உன்னால?” குரலை அவன் உயர்த்தவே இல்லை. “யாரு நம்புவா? பதிவு பண்ணினது எல்லாம் என்கிட்ட இருக்கு. உன்கிட்ட என்ன இருக்கு?”

பெரியவள் ஹெட்ஃபோன் பெட்டிகளை எடுத்து வைத்தாள். அவளிடம் இருந்தது ஒரு மூச்சு அளவுக்கான சத்தம்.

ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ‘கருங்கல்’. பாட்டின் நடுவே கிட்டார், டிரம்ஸ், குரல் எல்லாம் ஒரே வெட்டில் நின்றுபோகும். ஒரு நொடி மயான அமைதி. பிறகு இரண்டு காலும் பேய் பிடித்தது போல் ஓடவேண்டும். அந்த நொடியில், தன்னையறியாமல், பெரியவள் முணுமுணுத்திருந்தாள்: ‘ஓடு காலே, ஓடு.’ டிரம்ஸின் சிம்பல் தட்டுக்கு மேலே தொங்கிய மைக் அதைப் பிடித்துவிட்டது. ஆல்பம் வந்த நாளில் இதே அறையில் கேட்டபோது அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது.

கர்ஜனை அதைக் கேட்டதே இல்லை. அவன் காது பேஸ் சத்தத்துக்குப் பழகிய காது. அதிர அதிர இருந்தால்தான் அவனுக்குப் பாட்டு.

வேறு யார் கேட்டாலும் அது மூச்சுக்காற்று. சின்னவளுக்கு அப்படி இல்லை. சின்ன வயதில் ஒரே கட்டிலில் படுத்து, மெத்தையில் குதிகாலால் தாளம் போட்டு அவளை உதைத்துத் தூங்கவிடாமல் செய்த அக்கா, வேகம் எடுப்பதற்கு முன்னால் சொல்கிற சொல் அது.

கதவு திறந்தது. சின்னவள் கையைத் தேய்த்துக்கொண்டு வந்தாள். “ஆரம்பிக்கலாமா?”

“ஆரம்பிக்கலாம்,” என்றாள் பெரியவள்.

முதலில் ஒரு கறுப்புப் பூதத்தை எடுத்தாள். காதை முழுக்க மூடும் ரகம். அவன் தலையில் மாட்டிப் பாட்டை விட்டதும் அவன் கண் செருகியது.

“ஆகா! நெஞ்சுக்குள்ள இறங்குதே! இதான், இதுவேதான்.”

“இதுல பேஸ் தூக்கலா இருக்கும். கேக்கச் சுகம். ஆனா கால் வேகமா ஓடற பாட்டுல ஒவ்வொரு அடியும் தனித்தனியா விழாது, எல்லாம் ஒரே கூழாயிடும். கிட்டாரும் உள்ள முங்கிடும்.”

“அது பரவால்ல,” என்றான் அவன். அவளுடைய கால் கூழாவதில் அவனுக்கு என்ன நஷ்டம்?

இரண்டாவதைச் சின்னவளே மாட்டிப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். “அய்யோ, காதுல ஊசி குத்தற மாதிரி இருக்கு.”

“சிம்பல் சத்தம். மெட்டல்ல அது ஓயாம அடிச்சுக்கிட்டே இருக்கும். இப்படிக் கூர்மையா இருந்தா அரை மணி நேரத்துல தலைவலி வரும். தலைய இறுக்கற பிடியும் ஜாஸ்தி. தலைய ஆட்டறப்ப கழண்டு விழாது, அது ஒண்ணுதான் நல்லது.”

“கழுத்துக்கு நான் பொறுப்பு. தலவலிக்கு நான் பொறுப்பில்ல,” என்று சின்னவள் சிரித்தாள்.

மூன்றாவதைப் பெரியவள் பெட்டியிலிருந்து இரண்டு கையாலும் எடுத்தாள். பார்வைக்குச் சாதுவாக இருந்தது. பின்பக்கம் அடைக்காமல் வலை போட்டது.

“இது திறந்த மாடல். பஸ்ல போட்டுக்க முடியாது, பாட்டு வெளிய ஒழுகும். ஆனா வீட்டுல உக்காந்து கேட்டா யாரு எங்க நிக்கறாங்க, யாரு கை எங்க விழுது, எல்லாம் மணி மணியாத் தெரியும். ஒளிச்சு வைக்கத் தெரியாதது இது.”

“அப்ப இவரு பாட்டையே போடுக்கா. கடைசியா வருமே, ‘கருங்கல்’, அது.”

பெரியவள் அந்தப் பாட்டின் பெயரைச் சொல்லவே தேவையிருக்கவில்லை.

“வேற பாட்டுப் போடலாமே,” என்றான் கர்ஜனை. “என் குரல நானே கேட்டாக் கூச்சமா இருக்கு.”

“கேக்கப்போறது நான். அத்தனை பேரு முன்னாடி உறுமறப்ப வராத கூச்சம் இப்ப எங்கேருந்து வந்துச்சு?” சின்னவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.

பாட்டு ஓடியது. வலை வழியாகக் கசிந்த சத்தம் டப்பாவுக்குள் அடைத்த வண்டு போல் கேட்டது. எந்த இடம் வருகிறது என்று பெரியவளுக்கு அதுவே போதும். இதோ கிட்டார் ஏறுகிறது. இதோ அவன் குரல். இதோ...

வண்டு நின்றது.

பெரியவள் தங்கையின் முகத்தையே பார்த்தாள். கண்ணிமை அசையவில்லை. வண்டு மறுபடியும் பறந்தது. பாட்டு முடிந்தது.

“இன்னொரு தடவ போடுக்கா.”

போட்டாள். மறுபடியும் அதே முகம். குளத்தில் கல் போட்டும் அலை எழவில்லை.

சின்னவள் ஹெட்ஃபோனைக் கழற்றி, கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். “நல்லாருக்கு,” என்றாள். பிறகு அவனிடம் திரும்பினாள். “ஆனா உங்களுக்குப் பிடிச்சது அந்த மொத கறுப்புதானே? நீங்க அதையே வெச்சுக்குங்க. இத நான் எனக்கு எடுத்துக்கறேன்.”

“உனக்கா? நீ எப்ப மெட்டல் கேக்க ஆரம்பிச்சே?”

“இன்னிக்குத்தான்.”

அவன் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். படியின் திருப்பத்தில் அவன் தலையைத் தூக்கிப் பெரியவளைப் பார்த்து லேசாகக் கண்ணடித்தான்.

அதற்குப் பிறகு வந்த வாடிக்கையாளர்களிடம் என்ன பேசினோம் என்று அவளுக்கு நினைவில்லை. சின்னவளுக்கு அது கேட்கவில்லையா? கேட்டும் மறந்துவிட்டாளா? குதிகாலால் உதைத்த அத்தனை ராத்திரியும் அவளுக்கு ஒன்றுமே இல்லையா? அவன் மேல் இருந்த கோபத்தில் பாதி இப்போது தங்கை மேல் திரும்பியிருந்தது.



சாயங்காலம் வீடு திரும்பியபோது அம்மா வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“சின்னவ வந்ததுலேருந்து ரூமுக்குள்ளயே கெடக்கா. என்னான்னு பாரு. மாப்பிள்ளையோட ஏதும் சண்டையோ?”

சின்னவள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். வலை ஹெட்ஃபோன் கழுத்தில் கிடந்தது. கண் சிவந்திருந்தது.

“கதவச் சாத்து,” என்றாள்.

சாத்தினாள்.

“உனக்கு வாய் இல்லையா?”

“என்னடி...”

“வாய் இருக்கா இல்லையான்னு கேக்கறேன். என்கிட்ட நேரா வந்து, ‘இவன்தான் என்னத் தொரத்தினவன்’னு ஒரு வார்த்த சொல்ல முடியல. காதுல ஒண்ண மாட்டி விட்டு என் மூஞ்சிய வேடிக்க பாக்கத் தெரியுது. அவன அடிக்கறதுக்கு நான்தான் உனக்குக் கெடச்ச கம்பா?”

‘அவரு’ காணாமல் போயிருந்தது. பெரியவளுக்கு முதலில் காதில் விழுந்தது அதுதான்.

“கேட்டுச்சா உனக்கு?”

“மொத தடவையே கேட்டுச்சு. நம்ப முடியாமத்தான் ரெண்டாவது தடவ போடச் சொன்னேன்.” சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். “அந்த எடத்துல நான் அழுதிருந்தேன்னா அவன் உஷாராயிருப்பான். அதான் கல்லு மாதிரி உக்காந்திருந்தேன்.”

பெரியவள் கட்டிலின் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தாள். “சொன்னா நம்பியிருப்பியாடி?”

“நம்பறதும் நம்பாததும் என் பாடு. அத நீ ஏன் எனக்காக முடிவு பண்ணே?”

பெரியவள் தங்கையின் முகத்தில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினாள்.

சின்னவள் மேலே பேசினாள். “கார்ல வர்றப்ப அவன்கிட்ட கேட்டேன்க்கா. ஒரு வாய்ப்புக் குடுத்துப் பார்த்தேன். ‘அந்தக் கடைசிப் பாட்ட உங்க தம்பி எப்படி வாசிச்சாரு’ன்னு. அவன் என்ன சொல்லியிருக்கணும்? ஒண்ணும் சொல்லாம இருந்திருந்தாக்கூட நான் கரைஞ்சிருப்பேன். அவன் கதை சொல்றான். தம்பி ஒத்தையா உக்காந்து பழகினானாம், பெடல மிதிச்சு மிதிச்சு உள்ளங்கால் கொப்புளிச்சுப் போச்சாம், செருப்புப் போட முடியாம நொண்டினானாம்...”

சின்னவள் குனிந்து பெரியவளின் பாதத்தைத் தொட்டாள்.

“அந்தக் கொப்புளம் யாரோடதுக்கா? ஒவ்வொரு நாளும் மருந்து போட்டு விட்டது நான்தானே? உன் வாசிப்பத் திருடினான். சரி, திருடன். உன் வலியையுமா திருடுவான்?”

பெரியவள் தங்கையை இழுத்து அணைத்துக்கொண்டாள். நெஞ்சுக்குள் இரண்டு எண்ணங்கள் ஓடின. பாவி, இவளை அழவைத்துவிட்டேனே என்று ஒன்று. இன்னொன்று இனித்தது. அந்த இனிப்பை அவளால் துப்பவும் முடியவில்லை.

“விடு. வேணாம்னு சொல்லிடலாம். அம்மாகிட்ட நான் பேசறேன்.”

“வேணாம்னு சொல்றதா?” சின்னவள் அவளை விலக்கிவிட்டு நிமிர்ந்தாள். “அவ்வளவு சுளுவா விட்டுடுவேனா? கார்லயே அவன வீடியோ எடுத்தேன். ‘ஞாயித்துக்கிழமை கருங்கல் வாசிப்பீங்களா, எனக்காக?’ன்னு கொஞ்சினேன். கேமராவப் பார்த்ததும் அவனுக்குத் தலகால் புரியல. ‘உனக்காக இல்லாமலா!’ன்னு உறுமிட்டான். அத அப்பவே அவங்க ரசிகர்களோட இணையப் பக்கத்துல போட்டுட்டேன்.”

பெரியவளுக்கு அதன் விபரீதம் உடனே புரிந்தது. ஆல்பம் வந்த நாளிலிருந்து இன்றுவரை அந்தக் குழு ‘கருங்கல்’லை மேடையில் வாசித்ததே இல்லை. தம்பியின் கால் அந்த வேகத்துக்கு ஓடாது.

“எல்லாரும் துள்ளிக் குதிக்கறாங்க, பாரு.” சின்னவள் போனை நீட்டினாள். “இனிமே அவன் பின்வாங்கவும் முடியாது, வாசிக்கவும் முடியாது. அத்தன பேரு முன்னாடி அவன் தம்பி திக்கித் திணறட்டும். நான் முன் வரிசையில உக்காந்து பாக்கணும்.”

இவ்வளவு நாள் தான்தான் இந்த வீட்டில் பழி வைத்திருப்பவள் என்று நினைத்திருந்தாள் பெரியவள்.

கதவைத் தள்ளிக்கொண்டு அம்மா வந்தாள். கை ஈரம் சொட்டியது. “என்னடி ரெண்டு பேரும் மூக்க உறிஞ்சற சத்தம் வாசல் வரைக்கும் கேக்குது?”

சின்னவள் ஹெட்ஃபோனை அம்மா தலையில் மாட்டினாள். பாட்டை அந்த இடத்துக்குத் தள்ளிவிட்டாள்.

அம்மா திடுக்கிட்டாள். கிட்டார் அப்படி. பிறகு அமைதி வந்தது. அம்மாவின் புருவம் சுருங்கியது.

“இது பெரியவ கொரலாச்சே!” ஹெட்ஃபோன் போட்டவர்கள் பேசுவதுபோல் ஊருக்கே கேட்கக் கத்தினாள். “இது எப்படி மாப்பிள்ள பாட்டுல?”

பிறகு வெகுநேரம் கழற்றவே இல்லை. பாட்டு முடியும்வரை, தன் மகளின் இரண்டு காலும் ஓடி ஓய்ந்து நிற்கும்வரை, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“இத்தன வருஷமா நீ தட்டினது இதுதானாடி?” என்றாள் கடைசியில். அப்புறம் மற்றதையெல்லாம் சின்னவள் சொன்னாள். அம்மா ஹெட்ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். முடித்ததும், “சர்க்கர கம்மியா இருக்குன்னான், ரெண்டாவது தடவ டீ போட்டுக் குடுத்தேனே அந்த நாய்க்கு,” என்றாள்.

பெரியவளின் போன் அடித்தது.

திரையில் பெயர் இல்லை, எண் மட்டும். அழித்திருந்தாள், மறந்திருக்கவில்லை. ஒலிபெருக்கியைப் போட்டு, மற்ற இருவருக்கும் வாயில் விரலை வைத்துக் காட்டினாள்.

“இடி,” என்றான் கர்ஜனை. கர்ஜனை கெஞ்சலாகியிருந்தது. “ஒரு உதவி. உன்னாலதான் முடியும்.”

“முதல் தடவை பாக்கறவகிட்ட உதவியா?”

“கேலி பண்ணாத. உன் தங்கச்சி வெளையாட்டா ஒண்ணு பண்ணிட்டா. ஊரே ‘கருங்கல்’ கேக்குது. தம்பியால முடியாது, உனக்கே தெரியும். ஞாயித்துக்கிழமை நாங்க எல்லாருமே முகமூடி போட்டுத்தான் ஏறுறோம். அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் தம்பி முகமூடிய நீ போட்டுக்கிட்டு உக்காந்துடு. யாருக்கும் தெரியாது. நீ என்ன கேட்டாலும் செய்யறேன்.”

சின்னவள் வேகமாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம், வேண்டாம். அவன் விழட்டும்.

பெரியவள் தன் பாதங்களைப் பார்த்தாள். “சரி,” என்றாள். “வரேன்.”

“நெஜமாவா?”

“முகமூடியோட ஏறுறேன்.”

போனை வைத்ததும் சின்னவள் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். “பைத்தியமா உனக்கு? அவனக் காப்பாத்தப் போறியா?”

“ஏறுறப்பதான் முகமூடி போட்டுக்கறேன்னு சொன்னேன். மேடை மேல என் முகத்துல என்ன இருக்கும், என்ன இருக்காதுன்னு அவன் கேக்கலியே.”

சின்னவளின் பிடி தளர்ந்தது. மெதுவாக, மிக மெதுவாக, அழுத முகத்தில் ஒரு சிரிப்பு ஏறியது.

அதற்குள் அவளுடைய போன் அடித்தது. அவனேதான். இப்போது குரலில் தேன் திரும்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகமாக இருக்குமாம், நெரிசலாக இருக்குமாம். அவள் வராமல் வீட்டிலேயே இருந்தால்தான் அவனுக்கு நிம்மதியாம்.

“சரிங்க,” என்றாள் சின்னவள். தேன் தடவிப் பேசுவதில் அவள் அவனுக்குக் குறைந்தவளாக இல்லை. “நீங்க சொன்னா சரிதான். நான் வீட்டுலயே இருக்கேன். நீங்க நல்லாப் பாடிட்டு வாங்க.”

அந்தக் குரலைக் கேட்டுப் பெரியவளுக்கே மயிர்க்கூச்செறிந்தது. இவளுக்குப் பொய் சொல்ல வரும் என்பதே இன்றுதான் அவளுக்குத் தெரியும்.

சின்னவள் போனைக் கட்டிலில் போட்டாள்.

“அம்மா,” என்றாள், “ஞாயித்துக்கிழமை வேன் சும்மாத்தானே நிக்கும்?”

அம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“இப்பத்தானேடி கழுவி வெச்சிருக்கேன்,” என்றாள். “யார் யாரையெல்லாம் ஏத்தணும், சொல்லு.”